மூன்றாவது அமர்வு

பத்திரிகை அலுவலகத்தில் ‘நாலாம் பக்கம்’ என்றால் அது என் வீட்டுக்காரர்தான். அவர் எழுதும் செய்தி எதுவானாலும் நாலாம் பக்கத்தில்தான் வரும். குழாய் உடைந்தது, லாரி கவிழ்ந்தது, நகைக்கடைச் சுவரில் ஓட்டை போட்டார்கள், எல்லாமே நாலாம் பக்கம். முதல் பக்கத்துக்குப் போகிற மாதிரி ஒன்று அவர் கையில் சிக்கிவிட்டால், தலைமை அலுவலகத்திலிருந்து வேறொருவர் காரில் வந்து இறங்குவார். இவர் அவருக்கு வழி காட்டி, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வருவார். அதில் இவருக்கு வருத்தமே கிடையாது. எனக்குத்தான் வயிறு எரியும்.

அப்படிப்பட்டவருடைய வாழ்க்கையைப் பதிவு செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். ஏதோ விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் பாதிக் கதவைத்தான் திறந்தேன். தோளில் பை, கையில் கோப்பு, முகத்தில் அநியாயத்துக்கு மரியாதை.

“சாரோட வாழ்க்கைக் கதையைக் கேக்கணும்மா,” என்றாள்.

“அவருக்கு என்ன கதை இருக்கு? நிருபரா இருந்தப்ப காலையில போவார், எப்ப வருவார்னு அவருக்கே தெரியாது. ஓய்வு வாங்கினப்புறம் எங்கயும் போறதில்ல. கதை முடிஞ்சுது. டீ குடிக்கிறியா?”

சிரித்தாளே தவிர நகரவில்லை. பத்திரிகைக்காரர்கள் இந்தத் தொழிலுக்கு எப்படி வருகிறார்கள், எதனால் நிலைக்கிறார்கள், எதனால் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அவளும் அவள் பேராசிரியரும் ஆராய்கிறார்களாம். “பெரிய ஆசிரியர்கள் எல்லாம் சுயசரிதை எழுதிடறாங்கம்மா. எழுதாம விட்டவங்கதான் நிறைய. அவங்க வாயால சொல்றதைப் பதிவு பண்றதுதான் எங்க வேலை.”

“நான் எழுதின நாலாம் பக்கத்தையே எவனும் படிக்கல. என்னையா படிக்கப் போறான்?” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் இவர். கொடுத்த கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தும்விட்டார்.

மூன்று அமர்வு என்றாள் அவள். உட்கார்ந்து பேசுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. வாரத்துக்கு ஒன்று. முதல் அமர்வில் பிறந்ததிலிருந்து வேலைக்குச் சேர்ந்ததுவரை. இரண்டாவதில் வேலை பார்த்த காலம். மூன்றாவதில்தான் ‘ஏன்’ என்ற கேள்விகளெல்லாம்: ஏன் இதைப் பிடித்தீர்கள், ஏன் அதை விட்டீர்கள். காரணத்தை முதலிலேயே கேட்டுவிட்டால், மனுஷன் மிச்ச வாழ்க்கை முழுவதையும் அந்தக் காரணத்துக்குத் தோதாக வளைத்துச் சொல்லிவிடுவானாம். பேராசிரியர் அடித்துச் சொல்லியிருக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இன்னொரு விதியும் உண்டு. பேசும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

“நானுமா?” என்றேன்.

“நீங்கதான் முக்கியமா இருக்கக் கூடாதும்மா. வீட்டுல இருக்கறவங்க பக்கத்துல இருந்தா, அவங்களே எடுத்துச் சொல்ல ஆரம்பிச்சுடறாங்க.”

எவ்வளவு சரியாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். என் வீட்டில், என் கூடத்துக்குள் நான் வரக் கூடாது. சமையலறையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மின்விசிறி போடுகிற சத்தத்தில் பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை.

விழாத பாதியை நானே நிரப்பிக்கொள்வேன், எனக்குத் தெரியாததா? இவர் தையல்காரர் மகன். படிப்பு முடித்துச் சும்மா இருந்த நாளில், அப்பாவின் கடை வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டது. புகார் எழுதி நகராட்சிக்கு எடுத்துப் போனார். அங்கே ஒருவரும் வாங்கவில்லை. அதே தாளைப் பத்திரிகை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆசிரியர் படித்துவிட்டு, “சாக்கடையை இவ்வளவு நல்லா எழுதியிருக்கியே, வேற என்ன தெரியும் உனக்கு?” என்று கேட்டாராம். “பக்கத்துத் தெரு சாக்கடையும் தெரியும் சார்,” என்றாராம் இவர். அப்படித்தான் நிருபர் ஆனார். நூறு தடவை கேட்ட கதை. கூடத்தில் அந்தப் பெண் சிரித்தபோது சமையலறையில் நானும் சிரித்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என்னிடம் இவ்வளவு நிதானமாக அவர் எதையும் சொன்னதில்லை.

எங்கள் கல்யாணத்தையும் சொன்னார். கல்யாணத்தன்று மத்தியானம் ஒரு பஞ்சுக் கிடங்கு தீப்பிடித்தது. பந்தி முடிவதற்குள் மாப்பிள்ளையைக் காணோம். சாயங்காலம் புருவமெல்லாம் கருகி, புகை நாற்றத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். கட்டிக் கொடுத்தாகிவிட்டது, இனி என்ன செய்வது?

அவருக்கென்று தொழிலில் ஒரு கைராசி இருந்தது. விபத்தில் போனவர்களின் படத்தை அவர்கள் வீட்டிலிருந்து வாங்கி வருவது. மற்ற நிருபர்கள் வாசலிலேயே திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இவர் போய் ஓர் ஓரமாக உட்காருவார். எதுவும் கேட்கமாட்டார். தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டிலேயே யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள். பேசி முடிக்கும்போது படத்தை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். அச்சான பிறகு திருப்பிக் கொடுக்கவும் இவரே போவார். எனக்கு இந்த வேலை கட்டோடு பிடிக்காது. காய்ச்சலில் கிடக்கும் எங்கள் பெண்ணை என்னிடம் விட்டுவிட்டு, இன்னொரு வீட்டுப் பெண்ணின் படத்தை வாங்கப் போவார். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. போகும்போதும் திட்டுவேன், வரும்போதும் திட்டுவேன்.

நாற்பது வயதைத் தாண்டிய புதிதில், ஒரு நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நாளையிலேர்ந்து நான் விளம்பரப் பிரிவு,” என்றார்.

“என்ன விளம்பரம்?”

“இரங்கல் விளம்பரம். கவுன்டர்ல உட்கார்ந்து வாங்கிப் போடணும்.”

“ஏன், என்ன ஆச்சு? அவங்களா மாத்தினாங்களா?”

“நான்தான் கேட்டு வாங்கினேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

அந்த ‘சும்மாதான்’ அவர் ஓய்வு பெறும்வரை ஓடியது, அதற்குப் பிறகும் ஓடியது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் வாசகம் வாங்கி, பிழை திருத்தி, அளவு சொல்லி அனுப்பினார். விடிந்தால் போனார், பொழுது சாய்ந்தால் வந்தார். எந்த மனைவியும் கேட்டு வாங்க வேண்டிய வாழ்க்கைதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் நாலாம் பக்கத்தைப் படிக்கவே இல்லை. மூன்றைப் படித்துவிட்டு இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டிவிடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஏன் விட்டார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஆசிரியரோடு சண்டை என்று என் மகன் நினைத்தான். யாரோ மிரட்டியதில் பயந்துவிட்டார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். இவருடைய அக்காவுக்குச் சந்தேகமே கிடையாது. “நீதான் பிடுங்கிப் பிடுங்கி அவனை விட வெச்சே. செய்தி எழுதறப்ப என் தம்பி எப்படி இருந்தான், இப்ப எப்படிச் செத்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கான் பாரு,” என்று நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் சொல்லிக்காட்டுவார். பதிலுக்குப் பதில் கொடுக்கத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் நானாக இருக்குமோ என்று எனக்கே தெரியாதபோது என்னவென்று மறுப்பது? அவரிடம் கேட்டால் ‘சும்மாதான்’. இன்னும் கொஞ்சம் நெருக்கினால் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு மட்டும் நிற்கவில்லை.

அதனால் மூன்றாவது அமர்வில் ‘ஏன்’ கேட்பேன் என்று அந்தப் பெண் சொன்னதும், என் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்டுக் கிடைக்காததை ஊர் பேர் தெரியாத ஒருத்தி கேட்டு வாங்கப் போகிறாள். வாங்கட்டும், எனக்கு மானம் ரோஷம் எல்லாம் அப்புறம். சமையலறைக் கதவை எந்த அளவுக்குத் திறந்து வைத்தால் குரல் தெளிவாக வரும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டேன்.

இவருக்கு முதலில் அவளைப் பார்த்தால் வேடிக்கையாக இருந்தது. “இந்நேரத்துக்கு நான் ஒரு பேட்டி எடுத்து, டீ குடிச்சு, செய்தியும் குடுத்திருப்பேன். இந்தப் பொண்ணு இன்னும் நான் படிச்ச பள்ளிக்கூடத்து வாசல்லயே நிக்குது,” என்பார். ஆனால் இரண்டாவது வாரம் அவள் வருவதற்கு முன்பே முகச்சவரம் செய்துகொண்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். இத்தனை வருஷம் ஊராரைப் பேச வைத்தவரை ஒரு ஆள் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது.

அன்று அவள் கிளம்பிய பிறகு சமையலறைக்கு வந்தார். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர் வந்து, டீ குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

“அடுத்த வாரம் நீயும் உள்ள வந்து உட்காரு,” என்றார்.

“அவதான் வரக் கூடாதுங்கிறாளே.”

“நான் கேட்டுட்டேன். கடைசித் தடவைக்கு மட்டும் சரின்னுடுச்சு.”

“நான் எதுக்குங்க?”

“அந்தப் பொண்ணுக்குச் சொல்றப்ப நீயும் கேட்டுக்கோ. உனக்குன்னு தனியா உட்கார்ந்து சொல்ல எனக்கு வரல. எத்தனையோ தடவை பார்த்துட்டேன்.”

அதற்கு மேல் நான் கிளறவில்லை. கிளறினால் மறுபடியும் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். ஒரு வாரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் முடியவில்லை. காலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர், குழாயைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், கூடவே பேச்சு. ஆஸ்பத்திரியில் மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்கில் காட்டி, மூளையில் பேச்சு இருக்கும் இடத்தில்தான் அடி என்றார். திரும்ப வருமா என்று மகன் கேட்டான். வரலாம், வராமலும் போகலாம் என்றார். இந்தப் பதிலைச் சொல்ல அவ்வளவு படிக்க வேண்டுமா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சில நாள் கழித்து ஒரு சொல் வந்தது. ‘ஆமா.’ கேட்டதும் மகனும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். போனது ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் என்று நினைத்தோம். அடுத்த சொல் வரவில்லை. பசிக்கிறதா என்றால் ஆமா. பசிக்கவில்லையா என்றால் அதற்கும் ஆமா. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“நாம பேசறது அவருக்குப் பெரும்பாலும் புரியுதும்மா. ஆனா அவர் சொல்ல நினைக்கறது ஒண்ணு, வாயில வர்றது அந்த ஒரே சொல்லு. ஆமான்னு சொன்னா, ஆமான்னு எடுத்துக்காதீங்க.”

“தலையாட்டச் சொல்லட்டுமா?”

“தலையும் அப்படித்தான் ஆடும், இப்போதைக்கு.”

இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தோம். கோடு கோடாக வந்தது, எழுத்தாக ஒன்றும் வரவில்லை. எழுத்து கூட்டுவதும் பேச்சு இருந்த அதே இடத்தில்தான் இருந்ததாம். கொஞ்ச நேரம் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவைத் தரையில் விட்டெறிந்தார். நான் எடுத்து வைத்துவிட்டேன், மறுபடி கொடுக்கவில்லை.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அந்தப் பெண் பார்க்க வந்தாள். கூடத்தில் இவருக்கு எதிரே உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், இப்போது எந்த விதியும் தடுக்கவில்லை. பேசியதெல்லாம் பதிவாகி இருக்கிறதே, குடும்பத்துக்கு ஒரு பிரதி கொடுக்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்கி வந்திருந்தாள். போடு, கேட்கிறேன் என்றேன். அவருடைய குரலைக் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

கையடக்கமான பதிவுப் பெட்டியிலிருந்து அவர் பேசினார். சாக்கடைக் கதை. ஆசிரியர் கேட்டது, இவர் சொன்னது. நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து தன் குரலையே கேட்டார். அதில் அந்தப் பெண் கேட்கிறாள்: “அப்ப, பிடிச்சுதான் இந்த வேலைக்கு வந்தீங்க?”

“பிடிச்சுதாம்மா வந்தேன். பிடிச்சிருந்தும்தான் விட்டேன். ஏன் விட்டேன் தெரியுமா? ஒருத்தங்க ஒரு வார்த்தை சொன்னாங்க. அன்னைக்கு நான்…”

“சார், ஒரு நிமிஷம். குறுக்க பேசறதுக்கு மன்னிச்சுக்கோங்க. அதை மூணாவது அமர்வுல விரிவா எடுத்துக்கலாம். இப்ப வரிசைப்படி போயிடலாமா?”

மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, உள்ளே நான் ஏதோ பாத்திரத்தை உருட்டுகிற சத்தம்கூட அதில் கேட்டது.

“சரிம்மா, உங்க வரிசைப்படியே போவோம். எங்க ஓடிடப் போகுது?” என்றார் அவர்.

இவர் இடது கையை நீட்டிப் பெட்டியைத் தொடப் பார்த்தார். “ஆமா! ஆமா, ஆமா!” என்றார். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “நான் நிறுத்தியிருக்கக் கூடாதும்மா. முதல் முதலா நான் தனியா எடுத்த பேட்டிம்மா இது. தப்பு பண்ணிடக் கூடாதுன்னுதான்…” என்றாள். அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. குறுக்கே பேசக் கூடாது என்பதற்காக என்னைச் சமையலறைக்கு அனுப்பினவள், அவர் வாயைத் திறந்த அந்த ஒரு நேரம் பார்த்துக் குறுக்கே பேசியிருக்கிறாள். ஆனால் சின்னப் பெண். சொல்லிக் கொடுத்ததைச் செய்திருக்கிறாள். அவளைத் திட்டி எனக்கு என்ன கிடைக்கும்?

“அப்புறம் ரெண்டாவது தடவை? அதுல ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. நான் வரிசைன்னு சொன்னதால அந்தப் பேச்சையே சார் எடுக்கல.”

என் வீட்டுக்காரர் சொன்ன சொல்லைக் கேட்டு நடந்தார் என்றால் அது இந்த ஒரு விஷயத்தில்தான்.

மூன்றாவது அமர்வு இல்லாததால் அவருடைய பேட்டியை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். இவருக்குப் பதில் நான் சொல்கிறேனே, எனக்குத் தெரியாதது அந்த ஒன்றுதானே என்றேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, “அது உங்க வாழ்க்கைக் கதையாயிடும்மா,” என்றாள். ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆராய்ச்சியில் அவர் வரமாட்டார். அதனால்தான் எனக்குத் தெரிந்தவரை நானாவது எழுதி வைக்கிறேன்.

ஒருத்தங்க ஒரு வார்த்தை சொன்னாங்க. யார்? படம் வாங்கப் போன ஏதோ ஒரு வீட்டிலா? ஆசிரியரா? நானா? நானென்றால் எந்த வார்த்தை? அந்தக் காலத்தில் நான் பேசியதை அச்சுக்கு அனுப்பினால் நாலாம் பக்கம் போதாது, இணைப்பு போட வேண்டும். எதைச் சொல்லி எதை விட? பாத்திரம் கழுவும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று கை அப்படியே நின்றுவிடும்.

பயிற்சிக்காரர் படித்துப் படித்துச் சொல்லியும் நான் கேட்டுவிட்டேன். அவருக்கு எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, “என்னாலயாங்க விட்டீங்க?” என்றேன்.

“ஆமா.”

அப்படிச் சொல்வார் என்று தெரியும். தெரிந்தும் உடனே மாற்றிக் கேட்டேன். “என்னால இல்லதானே?”

“ஆமா.”

கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. உதட்டைக் குவித்தார், விரித்தார், நாக்கை எங்கெங்கோ கொண்டுபோனார். வந்தது ஆமா, ஆமா, ஆமா. வியர்த்து ஊற்றி, நாற்காலிக் கையைக் குத்தினார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இனிமேல் ஜென்மத்துக்கும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். பாவி, இவரை வாட்டி வதைத்து எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நான் கேட்பதை விட்டேன், அவர் விடவில்லை. இன்று காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். “ஆமா. ஆமா ஆமா… ஆமா.” இழுத்தார், நிறுத்தினார், யாரோ பேசுவது போல் குரலை மாற்றினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். ஒரு முழுக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஓரிடத்தில் கையை நீட்டினார். என்னைக் காட்டினாரா, எனக்குப் பின்னால் இருந்த வாசல் கதவைக் காட்டினாரா என்று புரியவில்லை. முடித்துவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்தார்.

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, “புரிஞ்சுதுங்க. எல்லாம் புரிஞ்சுது,” என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். “புரிஞ்சுதுதானே?” என்று மறுபடி கேட்டேன். அதற்கு மட்டும் அவர் ஆமா சொல்லவில்லை.